சில வாரத்து வீடு, சீவியகாலத்துப் பற்று

வீடு என்பது யாது என்று வினவினால் பிறந்த இடம் என்பார் சிலர். உண்டு உறங்கும் இடம் என்பார் வேறு சிலர். ஆனால், ஆண்டொன்றிற் சில வாரங்கள் மாத்திரம் தங்குவதற்கென அமைத்த ஒரு மனை, மற்றெல்லா மனைகளிலும் பார்க்க நெஞ்சைப் பிணித்துக்கொள்வதும் உண்டு. நாள்தோறும் புழங்கும் வீட்டிற் காணாத ஒன்றை இவ்விடுமுறை மனையில் மனிதர் காண்கின்றனர். அது யாதென ஆராய்வதே இவ்வாரம் எமது நோக்கம். அதற்கு, உலகறிந்த ஒரு கணவன் மனைவியரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

விக்டோரியா மகாராணியை எம்மவர் நாணயத்திலும் சிலையிலும் கண்டவர்கள். யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரமுங்கூட, அவருடைய மூத்த மைந்தர் 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்ததே. ஆனால் சிலையிற் காணும் அந்த முகத்துக்குரியவர் ஒரு மனைவியாகவும், ஒன்பது பிள்ளைகளின் தாயாகவும், பின்னர் நாற்பது ஆண்டுக்கு அணித்தான காலம் கைம்பெண்ணாகவும் வாழ்ந்தவர் என்பதை நாம் நினைப்பது அரிது. அவருடைய அரண்மனைகள் பல. மனத்தில் வைத்துப் போற்றிய மனைகளுள் முதன்மையாயிருந்ததோ ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில், டீ நதிக்கரையில் உள்ள பெல்மோரல்.

1840 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் விக்டோரியாவும் ஜேர்மனியின் கோபேர்க் நாட்டு இளவரசர் அல்பேட்டும் மணம்புரிந்தனர். இருவருக்கும் அப்பொழுது வயது இருபது. யாழ்ப்பாணத்து வழக்கிற் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுபடுதலும், மாப்பிள்ளை அவ்வீட்டிற் சென்று குடியேறுதலும் இயல்பு. அதனால் அல்பேட்டின் நிலையை எம்மவர் எளிதில் உணர்வர். அவர் சென்று புகுந்த சீதன வீடோ ஓர் இராச்சியம். அங்கே நாற்காலி ஒன்றை நகர்த்துவதற்கும் மரபு குறுக்கே நின்றது. ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வோர் அதிகாரி இருந்தார். தாம் கணவரேயன்றி வீட்டின் தலைவர் அல்லர் என்று மணமான சில மாதங்களுள் அவர் நண்பரொருவருக்கு எழுதினார். கல்வியும் ஆற்றலும் நிறைந்த ஓர் இளைஞனுக்கு இஃது எத்துணை நோவு தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

1842 இல் இருவரும் முதன்முறையாக ஸ்கொத்லாந்து சென்றனர். மலையும் காடும் அருவியும் கண்ட அல்பேட்டின் உள்ளம் தாம் பிறந்து வளர்ந்த துரிங்கியக் காடுகளை நினைந்தது. அதன்பின் அங்கே ஒரு மனை வேண்டுமென்னும் அவா எழுந்தது. 1847 இல் அவர்கள் மேற்றிசையிலே லகன் ஏரிக்கரையில் தங்கிய காலமெல்லாம் மழையே பொழிந்தது. அதே வேளையில் கிழக்கே டீ நதிப்பள்ளத்தாக்கில் வெயில் எறித்தது என்பதை அரசியின் வைத்தியர் சேர் ஜேம்ஸ் கிளாக் தம் மகன் வாயிலாக அறிந்தார். அவ்வாண்டிலேயே பெல்மோரல் மனையைக் குத்தகைக்கு வைத்திருந்த சேர் ரொபேட் கோர்டன் காலமாக, அவருடைய தமையனார் அபடீன் பிரபு அக்குத்தகையை அரச குடும்பம் ஏற்கலாமென்று கூறினார். ஓவியர் ஜேம்ஸ் கைல்ஸ் தீட்டிய படங்களை மாத்திரம் பார்த்து, இடத்தை நேரிற் காணாமலே இருவரும் இசைந்தனர். படம் பார்த்துப் பெண் பேசுவது போன்ற இச்செயல் நல்லபடியாகவே முடிந்தது. 1848 செப்டெம்பர் 8 ஆம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல், அவர்கள் முதன்முதலாக அம்மனையின் வாயிலை அடைந்தனர்.

வீடு சிறியது. மறு ஆண்டு அங்கே சென்ற அரசாங்கச் செயலாளர் சார்ள்ஸ் கிரெவில், அரசியும் கணவரும் சிறிய வீட்டிலே சிறிய அறைகளில் எளிய குடியானவப் பிரபுக்களைப் போல வாழ்வதையும், படைவீரர் எவருமின்றி ஒரேயொரு பொலிஸ்காரர் காவல் செய்வதையும் கண்டு வியந்து தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உலகின் பெரும் பரப்பை ஆண்ட பெண்ணுக்கு ஒரே காவலர்! அவர் அயலிலுள்ள குடிசைகளுட் புகுந்து கிழவிகளோடு உரையாடுவார். கணவர் மான்வேட்டைக்கும் மலையேற்றத்துக்கும் போவார். மனைவி மலைச்சாரலில் அமர்ந்து நீர்வண்ண ஓவியம் தீட்டுவார்.

இவ்வீட்டையும் பெரிதென்று எண்ணினார்கள் போலும்! சில மைல் தொலைவிலுள்ள மிக் ஏரியின் அருகில் இரு சிறு குடிசைகளை இணைத்துத் தமக்கெனத் திருத்தி, 'குடில்' என்று அதற்குப் பெயரும் இட்டனர். 1849 ஆகஸ்ட் மாத இறுதியில் முதன்முறை அங்கே தங்கினர். ஏரியிலே தோணி விட்டனர். வலை வீசி மீன் பிடித்தனர். விடுமுறை வீட்டுக்குள்ளே இன்னொரு விடுமுறை வீடு! நகைக்கத் தோன்றினும் இதிற் பொருள் உண்டு. மனிதர் தேடுவது சுவரையும் கூரையையும் மாத்திரமன்று. தம்மை எவரும் அரசியென்றும் இளவரசரென்றும் நினைவூட்டாத ஓரிடத்தையே. பதவி பெரிதாகப் பெரிதாக அத்தகைய இடத்தின் அருமையும் பெரிதாகின்றது.

1852 இல் பெல்மோரலைச் சுமார் 32,000 பவுண் விலைக்கு வாங்கி, அல்பேட் முறைப்படி உடைமையேற்றார். இது முடியின் பொதுச் சொத்தன்று. அவர்கள் தம் பொருள் கொடுத்துப் பெற்ற தனிச் சொத்து. இன்றுவரை அஃது அவ்வாறே இருக்கின்றது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அண்மையிலுள்ள குன்றொன்றின் உச்சியில் நினைவுக் கற்குவியல் ஒன்றை எழுப்பினர். கல்லை அடுக்கிக் கோபுரம்போல் உயர்த்துதல் அம்மலைநாட்டார் வழக்கம். முதற்கல்லை அரசி வைத்தார். இரண்டாம் கல்லைக் கணவர் வைத்தார். பின்னர்ப் பிள்ளைகள் மூப்பு முறைப்படி வைத்தனர். அதன்பின் ஊரவரும் பணியாளரும் ஒவ்வொருவராய் வைத்தனர். குவியல் நிறைவுறும் வேளையில் அல்பேட் அதன்மேல் ஏறி இறுதிக் கல்லை வைத்தார்.

வீட்டின் தலைவர் அல்லர் என்று ஏங்கியவர் இங்கே தலைவரானார் என்பதைக் காண்க. 1853 செப்டெம்பர் 28 ஆம் நாள் புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அபடீன் நகரத்துக் கட்டடக் கலைஞர் வில்லியம் சிமித் வரைந்த திட்டங்களை அல்பேட்டே திருத்தி நடத்தினார். கருங்கல் அயற் பள்ளத்தாக்கிலிருந்து வெட்டப்பட்டது. பெல்மோரலுக்கென ஒரு தனிக் கட்டத்துணி வகையையும் அவரே வகுத்தார். 1855 இல் குடும்பம் புதுமனை புகுந்தது. மறு ஆண்டில் வேலை முற்றுப்பெற்றது. பழைய வீடு இடிக்கப்பட்டது. அதன் வாசல் இருந்த இடத்தை ஒரு கல் மாத்திரம் காட்டிநிற்கின்றது. புதுமனை புகுந்த அதே செப்டெம்பரில், மூத்த மகளை மணக்க வந்த பிரசிய இளவரசர் அம்மலைச்சாரலிற் பறித்த வெண்ணிறப் பூங்கொத்தொன்றைக் கொடுத்துத் தம் கருத்தைத் தெரிவித்தார். இவ்வாறு ஒரு வீட்டிற் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிட்டால் அவ்வீடு முழுமையான குடும்ப வீடாகிவிடுகின்றது.

1861 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இருவரும் மலைவழியே நெடும் பயணங்கள் செய்தனர். அதுவே இறுதி. அவ்வாண்டு டிசம்பர் 14 ஆம் நாள் விண்ட்சர் மாளிகையில் அல்பேட் காலமானார். அவருக்கு வயது 42.

அன்பு கொண்ட இடம், அன்பர் போனபின் என்னாகும்? இவ்வினா அரசிக்கு மாத்திரம் உரியதன்று. எம்மவர் வீடுகளிலும் நாள்தோறும் எழுவது. விக்டோரியா இருவேறு விடைகளை அளித்தார். விண்ட்சரில் அல்பேட் உயிர்நீத்த அறையை இருந்தபடியே வைத்திருக்கக் கட்டளையிட்டார். அவர் முகம் மழிப்பதற்கான வெந்நீர் நாள்தோறும் கொண்டுவந்து வைக்கப்பட்டது என்பர். அங்கே காலத்தை ஓடாமல் நிறுத்தும் முயற்சி நடந்தது.

பெல்மோரலிலோ வேறொன்று நிகழ்ந்தது. 1862 ஆகஸ்ட் மாதத்தில் மற்றொரு மலையுச்சியில் கணவர் நினைவாகக் கற்கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். தம்முடன் வந்த ஆறு பிள்ளைகளோடு அடித்தளத்திற் கல் வைத்தார். வராத மூவரின் பெயரெழுத்துக்களையும் சேர்த்துப் பொறிக்கச் செய்தார். பத்தாண்டுக்கு முன்னர் எழுந்த குவியலின் உச்சிக்கல்லை வைத்த கை இப்பொழுது இல்லை. ஆயினும் கல் வைக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை.

ஏரிக்கரைக் குடிலில் மீண்டும் தங்கி வாழ அவருடைய மனம் இசையவில்லை. கணவரோடு இருந்த இடத்திற் கணவரின்றி உறங்குதல் கொடிதன்றோ? ஆனால் ஏரியைத் துறக்கவும் இயலவில்லை. ஆதலால் 1868 இல் அதே ஏரியின் மறுகோடியில், அருவியோரத்தில், கிளாசால்ட் ஷீல் என்னும் புதிய சிறு மனையைக் கட்டினார். அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் நாள் புதுமனை புகுவிழா நடந்தது. பணியாளர் கூடி ஆடினர், பாடினர். அன்றிரவு அரசி தம் குறிப்பேட்டில் எழுதியவற்றின் கருத்து இது: கணவர் கட்டாத, அவர் காலடி படாத முதல் வீடு, கைம்பெண்ணின் வீடு இது, எனினும் அவருடைய ஆசி இதன்மேலும் உண்டு. அவ்வாண்டிலேயே அவர்தம் மலைநாட்டு வாழ்க்கைக் குறிப்புகள் நூலாக வெளிவந்து மக்களாற் பெரிதும் வாசிக்கப்பட்டன.

விண்ட்சர் அறையில் துயரம் உறைந்து கிடந்தது. ஏரிக்கரையில் அதே துயரம் ஒரு புதுக் கூரையை வேய்ந்து, விளக்கேற்றி, பிறரையும் உள்ளே அழைத்தது. இரண்டும் அன்பினின்று பிறந்தனவே. ஆயினும் வாழ்வுக்கு உதவியது பின்னையதே என்பது எமது துணிபு. 1901 ஜனவரி 22 இல் தாம் காலமாகும் வரை அரசி ஆண்டுதோறும் மலைநாட்டுக்குச் சென்றுவந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனினும் இப்பற்றின் மறுபுறத்தையும் மறைக்கலாகாது. அரசி வட கோடியில் தங்க, மந்திரிமார் நூற்றுக்கணக்கான மைல் புகையிரதத்திற் போய்வந்தனர். தூரத்திலிருந்து நாட்டை நடத்துவது வேலையை இரட்டிப்பாக்குகின்றது எனப் பிரதம மந்திரியாயிருந்த டிஸ்ரேலி குறைபட்டார். அரசி குளிரை விரும்பியவராதலின், விருந்தினர் நடுங்கினர் என்பது வேறு கதை. இவற்றினும் பாரதூரமானது ஒன்று உண்டு. மலைநாட்டு வாழ்வை அரசி காதலித்துப் போற்றிய அதே நூற்றாண்டில், ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிற் பல பள்ளத்தாக்குகளில் ஆட்டுப் பண்ணைகளுக்காகவும் மான்காடுகளுக்காகவும் ஏழைக் குடியானவர் தலைமுறை தலைமுறையாக இருந்த மனைகளைவிட்டு அகற்றப்பட்டுக் கடல் கடந்தனர். ஒருவர் ஓய்வுக்காகத் தேடிய மலையை இன்னொருவர் உயிர்வாழ்வதற்காக விட்டுப்போக நேர்ந்தது.

கடல் கடந்த ஸ்கொத்லாந்தியருட் பலர் எமது நாட்டுக்கும் வந்தனர். 1867 இல் லூல்கந்துரையிற் தேயிலையை வாணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களுள் ஒருவர். அவர் 1892 இல் இம்மலையிலேயே மடிந்தார். ஊர் நினைவு வாட்ட, வந்தவர்கள் தாம் திறந்த தோட்டங்களுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைப் பகுதியிற் கிளாஸ்கோ உண்டு, பெல்மோரலும் உண்டு. அரசியின் ஓய்வு மனைப் பெயர் எமது மலையில் ஓயாத உழைப்பின் பெயராயிற்று.

அங்கே கொழுந்து பறித்தவர்கள் யார்? தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களின் சந்ததியினர். தாம் வாழும் மலைக்குத் தம் ஊர்ப்பெயரைச் சூட்டும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. பெயரைக் கொண்டுவர இயலாதவர்கள் தெய்வங்களைக் கொண்டுவந்தனர். மாரியம்மனையும் மாடசாமியையும் மலையில் இருத்தினர். மாசியிற் காமன் கூத்தாடினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். தலைமுறைகள் பலவற்றைக் கண்ட லயத்துக் காம்பரா தோட்டத்துக்கே உரியது. குடியிருப்போருக்கு உறுதி இல்லை. ஆயினும் அக்காம்பரா வாசலில் ஒரு கணவனும் மனைவியும் நட்ட செவ்வந்திச் செடிக்கும், அவர்கள் பூசிய வெண்சுண்ணத்துக்கும் உள்ள பற்று, டீ நதிக்கரை மாளிகையின் பற்றிலும் எவ்வகையிற் குறைந்தது? பற்றுக்கு உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசு எங்கும் இல்லை. ஆனால், பற்றுக் கொண்டோருக்கு நிலவுறுதியும் வேண்டும் என்பது நீதி. 32,000 பவுண் கொடுத்து வாங்கியதால் அல்பேட் அடைந்த நிம்மதி யாதோ, அதே நிம்மதிக்கே மலையகத் தமிழரும் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றனர்.

பெல்மோரலின் கதை விக்டோரியாவோடு முடியவில்லை. அவருடைய வழித்தோன்றலான எலிசபெத் இளவரசியிடம் பிலிப் 1946 இல் மணம் பேசியது அங்கேதான். எலிசபெத் அரசியானபின் கோடைதோறும் இருவரும் அங்கே சென்றனர். கணவர் வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவதும், அரசி பாத்திரம் கழுவுவதும் விருந்தினராய்ச் சென்ற பிரதமர் ஒருவராற் பதிவாகியுள்ளன. பிலிப் 2021 இற் காலமானார். மறு ஆண்டு எலிசபெத் பெல்மோரலிலேயே உயிர்நீத்தார். அந்நாள் 2022 செப்டெம்பர் 8. முப்பாட்டனாரின் தாயாராகிய விக்டோரியா முதன்முறை அவ்வாயிலை மிதித்த அதே நாள். இடையில் 174 ஆண்டுகள்.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நாள்தோறும் வாழும் வீடு கடமைகளால் நிறைந்தது. அங்கே கணவன் சம்பாதிப்பவன், மனைவி சமைப்பவள், பிள்ளை படிக்க வேண்டியவன். விடுமுறை மனையிலோ இவ்வேடங்கள் சில நாட்களுக்குக் கழற்றி வைக்கப்படுகின்றன. கணவன் மீன் பிடிக்கின்றான். மனைவி படம் தீட்டுகின்றாள். பிள்ளைகள் கல் சுமக்கின்றனர். ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கின்றனர். அந்தப் புதுப்பார்வையின் நினைவே பின்னர் அவ்விடத்தின்மேற் பற்றாகப் படிகின்றது. ஆதலின் அதற்கு மாளிகையோ மலையோ வேண்டுவதில்லை. வன்னியிற் பாட்டனாரின் கமத்துக் கொட்டிலாயினும், தீவுப்பகுதியில் அம்மாச்சியின் ஓலை வீடாயினும், ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் உறவினர் கூடும் பழைய வளவாயினும் போதும்.

எம்மவருட் பலருக்கு அத்தகைய மனைகள் இன்று இல்லை. போரிற் சில அழிந்தன. பூட்டிக் கிடப்பன சில. உடையவர் கடல் கடந்திருப்பதால் மரம் முளைத்த சுவர்களாய் நிற்பன சில. அவற்றை எண்ணி வருந்துவோருக்கு மிக் ஏரிக்கரையின் கதை ஓர் ஆறுதலாகலாம். பழைய குடிலிற் கால்வைக்க இயலாதவர், அதே நீர்நிலை தெரியும் மறுகோடியில் ஒரு சிறு கூரையை எழுப்பினார். இழந்த வீட்டை இழந்தபடியே நெஞ்சிற் பூட்டி வைப்பதிலும், அவ்வீட்டிற் பயின்ற வழக்கமொன்றை, ஒரு பொங்கலையோ, முற்றத்துக் கதையையோ, எல்லாரும் சேர்ந்து நடும் ஒரு மரத்தையோ, இன்றிருக்கும் இடத்திற் பிள்ளைகளோடு தொடங்குதல் மேலாகும்.

மாணவர்க்கும் ஒரு சொல். வருகின்ற விடுமுறையிற் பாட்டன் பாட்டியிடம் அவர்கள் மனத்தை விட்டகலாத வீடு எதுவென்று கேளுங்கள். அதன் கிணறு எத்திசையில் இருந்தது, வேலியில் நின்ற மரம் யாது, மாலையில் விறாந்தையில் அமர்ந்து அவர்கள் எதைப் பேசினார்கள் என்பனவற்றையெல்லாம் எழுதிவையுங்கள். அரசியொருத்தி எழுதிவைத்தமையால் அவர்களுடைய மீன்பிடிப்பையும் நாம் அறிகின்றோம். எம் மூதாதையர் வாழ்ந்த மனைகளை எழுதிவைப்பதற்கு எம்மையன்றி வேறெவரும் இலர்.